ஒருமுறை மட்டும் கேட்கும் மெசின்

வவுனியாவைத் தாண்டியதும் லீனா வான் வண்டியின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மடிக்கணினியைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கண்டி வீதியெங்கும் செம்மண் புழுதி. "இதற்குள் தூசி போனால் நாம் வந்ததில் பயனில்லை" என்றாள், சுவீடன் மொழியில். எங்கள் இருவருக்கும் இடையில் அந்த மொழிதான். எனக்கு அது குசினி அளவுக்கு, சமையலறைப் பேச்சளவுக்குத் தெரியும். அவளுக்கு என் தமிழ் கணினி அளவுக்குத் தெரியும்.

சுவீடனில் ஒரு பல்கலைக்கழகத்துச் சாப்பாட்டு மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறேன். லீனா அதே பல்கலைக்கழகத்தில் கணினிக்கு மொழி பழக்குகிறவள். அவள் செய்யும் வேலையை, எனக்கு விளங்கிய மட்டில் சொல்கிறேன். பல மொழிகளின் இலக்கணத்தைப் பலர் சேர்ந்து எழுதிக் கணினிக்குள் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். அதற்கு நூலகம் என்று பெயர். ஆனால் அதில் ஒரு புத்தகமும் இல்லை. ஒவ்வொரு மொழியிலும் சொல் எப்படி மாறும், எது முன்னே நிற்கும், கேள்வியானால் என்ன ஆகும், மறுத்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். புதிதாக ஒரு காரியத்துக்குக் கணினியைப் பேச வைக்க வேண்டுமென்றால், லீனா இலக்கணத்தை அடியிலிருந்து எழுத வேண்டியதில்லை. கேள்வி, நீங்கள், விரும்பு, கால் என்று கருத்தை மட்டும் ஒருமுறை அடுக்குவாள். நூலகம் அதை எடுத்து எல்லா மொழியிலும் ஒழுங்கான வசனமாக்கித் தரும்.

அதில் தமிழ் குறையாகக் கிடந்தது. ஒரு மாரிகாலம் முழுவதும் மதியச் சாப்பாடு முடிந்த பிறகு லீனா என் குசினிக்கு வந்து அமர்வாள். "நான் சாப்பிட்டேன், நான் சாப்பிடவில்லை, அவர்கள் சாப்பிடுவார்களா" என்று நான் கை துடைத்தபடி சொல்வேன், அவள் தட்டிக்கொள்வாள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரியாததை அவள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்வாள். ஆட்களுடன் கதைக்கக் கூச்சப்படுகிற எனக்கு அந்த மாரிகாலத்தில்தான் ஊர்ப் பேச்சு வாயில் அதிகம் புழங்கியது.

சமாதான காலம் வந்து வீதி திறந்தபோது, மிதிவெடியில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் கொடுக்க ஒரு தருமக் குழு வன்னிக்குப் புறப்பட்டது. கால் அளவெடுப்பவர் சுனில், தெற்கிலிருந்து வரும் சிங்களவர். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் வராது. லீனாவின் மெசினில் அவர் சிங்களத்தில் ஒரு கேள்வியைத் தெரிவு செய்தால் தமிழில் வரும். திரையை வாசிக்க முடியாதவர்களுக்கு அதை வாசித்துச் சொல்ல ஒரு வாய் தேவைப்பட்டது. அந்த வாயாகத்தான் நான் போனேன்.

நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் அக்கா. நாங்கள் சின்ன வயதிலேயே பளைப் பக்கமிருந்து துணுக்காய்க்குக் குடியேறிய குடும்பம். குளத்தின் கீழ் அப்பாவுக்கு வயல் கிடைத்தது. அப்பாவும் அம்மாவும் போய், அத்தானும் போய், அக்கா மட்டும் அந்த வீட்டு வளவில் இருக்கிறார். நான் வெளிநாடு போன பிறகு, விறகுக்குப் போன இடத்தில் மிதிவெடியில் அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. எனக்கு எழுதிய கடிதம் ஒன்றிலும் அவர் அதைச் சொல்லவில்லை. ஊரிலிருந்து வந்த வேறொருவர்தான் சொன்னார். இந்தப் பயணத்தில் அக்காவுக்கு ஒரு கால் கிடைத்துவிட வேண்டும். எனக்கு வேறு நோக்கம் இல்லை.

வானை ஓட்டியவர் நஸீர் நானா. முல்லைத்தீவுக்காரர், இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டு, பாதிக் குடும்பத்தோடு திரும்பி வந்தவர். சிங்களமும் தமிழும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. லீனா மடியில் வைத்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

"சிவா, உந்த மெசினுக்கு என்ன தீனி?"

"கரண்டு, நானா."

"எனக்கு ஒரு பார்சல் சோறு. ரெண்டு பாசையும் பேசுவன், வானும் ஓடுவன். இவ ஏன் உதைக் காவிக்கொண்டு திரியிறா?"

நான் மொழிபெயர்த்தேன். லீனா சிரித்து, "ஆட்களை ஏற்றி இறக்க அவர் நாள் முழுவதும் வீதியில் நிற்பாரே" என்றாள். அதுவும் சரிதான். அந்த நாட்களில் அவரை மண்டபத்தில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் கண்டோம்.

கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம் தந்திருந்தார்கள். சுவரில் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள். கூரை புதுத் தகரம். வழியில் சில்லு காற்றுப் போனதால் நாங்கள் பிந்திவிட்டோம். மண்டபத்துக்கு வெளியே பூவரசு நிழலில் சனம் எப்போதோ வந்து இருந்தது. வளவு வேலியில் வரிசையாக ஊன்றுகோல்களைச் சாத்தி வைத்திருந்தார்கள், கோயிலுக்கு வெளியே செருப்பு விடுவதுபோல.

அந்தக் கூட்டத்தில் அக்காவைக் கண்டேன். நான் வருவதை முன்பே சொல்லி அனுப்பியிருந்தேன். தலை முழுக்க நரைத்துப் போயிருந்தார். கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். ஓடிப் போய்க் கட்டிக்கொள்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அத்தனை பேருக்கு முன்னால் எனக்குக் கால் எழவும் இல்லை. சுனில் ஏற்கெனவே வாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். நான் மெசினுக்குப் பக்கத்தில் போய் அமர்ந்துவிட்டேன்.

ஒழுங்கு இதுதான். ஆள் கதிரையில் வந்து அமர்வார். சுனில் கேள்வியைத் தெரிவு செய்வார். தமிழ் வசனம் திரையில் வரும். நான் வாசிப்பேன். அவர்கள் சொல்லும் பதிலுக்கு நான் ஆம் அல்லது இல்லை என்ற கட்டையை அழுத்துவேன். சுனிலுக்கு அது சிங்களத்தில் போகும். ஆம் என்றவர்கள் உள்ளறைக்குப் போவார்கள். அங்கே மாக்கட்டுப் போட்டு அச்சு எடுக்கப்படும். அச்சு தெற்கே ஒரு வேலைத்தளத்துக்குப் போய், காலாகத் திரும்பி வரும். இல்லை என்றவர்கள் வீட்டுக்கு.

அக்காவின் முறை வந்தது. கதிரையில் அமர்ந்து சேலையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"நீங்கள் செயற்கைக் கால் பெற விரும்புகிறீர்களா?" என்று வாசித்தேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "ஆரைக் கேக்கிறாய்?"

"உங்களைத்தான்."

"உங்களையோ!" அக்கா பின்னால் நின்றவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டியளோ, என்ர தம்பி வெளிநாட்டால வந்து எனக்கு மரியாதை தாறான். சின்னனில என்ர தலைமயிரைப் பிடிச்சு இழுத்தவன்."

மண்டபம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. திரையை மட்டும் பார்த்தேன்.

"எனக்கேன் உது? வேண்டாம். வேற ஆக்களுக்குக் குடுங்கோ. எத்தினை சனம் நிக்குது" என்றார் அக்கா.

இல்லை என்பதை அழுத்தினேன். திரை வெளுத்தது. அடுத்த வசனம் வந்தது. "அடுத்தவர் வரவும்" என்று வாசித்தேன். அக்கா உடனே எழும்பவில்லை. கதிரையில் கொஞ்சநேரம் இருந்தார். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

துணுக்காய் பஸ் வெளிக்கிடும் முன்னர் மண்டப வாசலில் ஒரு தகர டின்னை என் கையில் தந்தார். உள்ளே எள்ளுருண்டை. "மெலிஞ்சு போனாய்" என்றார். "நீயும்தான்" என்றேன். நடத்துநர் விசில் ஊதினார். நான் சொல்ல நினைத்ததெல்லாம் பஸ்ஸோடு போயிற்று.

அன்று பின்னேரம் லீனா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வந்தவர்களில் பாதிப்பேர் இல்லை என்றிருந்தார்கள். "சிவா, இவர்கள் ஊன்றுகோலோடு இரண்டு பஸ் மாறி, வெயிலில் காத்திருந்து, வேண்டாம் என்று சொல்லவா வந்தார்கள்?"

"பழகியிருப்பார்கள்" என்றேன். "புதுக் கால் என்றால் பயமாகவும் இருக்கும்." அக்காவைப் பற்றியும் அப்படித்தான் எண்ணினேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தானே. எள்ளுருண்டையில் ஒன்றைக் கடித்துவிட்டு டின்னை மூடி வைத்தேன்.

அடுத்த நாள் காலை, வேலை தொடங்கும் முன்பு, மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் பூமணியம்மா எங்களைப் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். தகரமும் தறப்பாளும் சேர்ந்த வீடு. குசினிக்குள் தோசைக்கல் சுட்டுக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் கதிரை போட்டார். தனக்கு உரலைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டார்.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ, தம்பி?"

"ஓம், தாங்கோ" என்றேன்.

பூமணியம்மா கேத்திலோடு அப்படியே நின்றுவிட்டார். ஒரு கணம்தான். பிறகு ஊற்றித் தந்தார். நஸீர் நானாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பாத்தியளோ அக்கா? ஆள் முழு வெள்ளைக்காரனாப் போயிட்டான். கேட்டவுடன ஓமாம்!"

"சரி, நீங்கோ குடிக்கிறியளோ?" என்று பூமணியம்மா அவரைக் கேட்டார்.

"ஐயோ வேண்டாம், வேண்டாம். இப்பதான் கடையில குடிச்சனான்."

"அரைக் கோப்பை?"

"சும்மா ஏன் கரைச்சல்படுறியள்."

"ஊத்தியாச்சு, பிடியுங்கோ."

நானா வாங்கினார். அதைக் குடித்து, இன்னொன்றையும் குடித்து, கூடவே இரண்டு தோசையும் சாப்பிட்டார். ஒவ்வொன்றுக்கும் முதலில் வேண்டாம் என்றார். சுனிலும் தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொண்டார். லீனா என் காதருகே வந்து, "வேண்டாம் என்றுதானே சொன்னார்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

சுவீடனுக்குப் போன முதல் மாரியில் என் முதலாளி தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். தட்டில் கேக் வந்தது. பசி. ஆனாலும் வேண்டாம் என்றேன், வீட்டில் பழக்கியபடி. தட்டு நிற்காமல் அடுத்த ஆளிடம் போயிற்று. அது மேசையைச் சுற்றி வந்து முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன், என்னிடம் திரும்பவில்லை. அங்கே ஒருமுறை கேட்பார்கள். மறுத்தால் அதை மதித்து விட்டுவிடுவார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று இடத்தில் பட்டினி கிடந்த பிறகு முதற் கேள்விக்கே ஆம் சொல்லப் பழகினேன். நன்றாகவே பழகிவிட்டேன். பழகியதில், என் சொந்த ஊரில் முதல் வேண்டாம் என்பது பதிலே இல்லை, அது வெறும் மரியாதை என்பதையே மறந்துபோனேன்.

லீனாவிடம் இதைச் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மண்டபத்தில் நாம் எத்தனை முறை கேட்டோம்?"

"ஒருமுறை."

"கேட்டது சரியான தமிழ். ஒரு பிழையும் இல்லாத தமிழ்" என்றாள் லீனா.

பூமணியம்மாவின் வீட்டிலேயே மெசினைத் திறந்தாள். "நூலகத்தில் வேண்டிய உருப்படிகள் எல்லாம் இருக்கின்றன, நான்தான் எடுக்கவில்லை" என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். ஏவல், நிபந்தனை, மறுப்பு, எல்லாம் ஒவ்வொரு மொழியிலும் முன்பே எழுதிக் கிடந்தன. 'வற்புறுத்து' என்று புதிதாக ஒரு கருத்தை மட்டும் அவள் சேர்த்தாள். ஒருவர் இல்லை என்றால் இரண்டாவது வசனம் வரும். அதற்கும் இல்லை என்றால் மூன்றாவது. வசனத்தை நானும் பூமணியம்மாவும் சொல்லிக் கொடுத்தோம்.

"அப்பிடிக் கேக்கக் கூடாது, பிள்ளை" என்றார் பூமணியம்மா, லீனாவுக்கு நேராகத் தமிழிலேயே. "வேணுமோ எண்டு கேட்டா ஆர் ஓமெண்டுவினம்? நீங்கோ எடுத்தாத்தான் எங்களுக்குச் சந்தோசம் எண்டு கேக்கோணும்."

திரையில் மொழிக்கொன்றாக மூன்று வரிகள் வந்தன. தமிழ் வரியில், "நீங்கள் இதை எடுத்துக்கொண்டால்தான் நாங்கள் மகிழ்வோம், தயவுசெய்து மறுக்க வேண்டாம்" என்றிருந்தது. சுனில் சிங்கள வரியை வாசித்துவிட்டு, தன் கையிலிருந்த தேத்தண்ணியைக் காட்டிப் பெரிதாகத் தலையாட்டினார். அவர்கள் வீட்டிலும் அப்படித்தானாம், நானா சொன்னார். லீனா சுவீடன் வரியை வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் வீட்டு வாசலில் நின்று இப்படி ஒருவர் கேட்டால் நான் போலீசைக் கூப்பிடுவேன்" என்றாள்.

அன்றைக்கு நானா முதல் நாள் போனவர்களை வீடு வீடாகப் போய் ஏற்றி வந்தார். முன்னர் வேண்டாம் என்ற, வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் திரும்பவும் கதிரையில் அமர்ந்து திரும்பவும் வேண்டாம் என்றார். நான் இரண்டாவது வசனத்தை வாசித்தேன். மறுத்தார். மூன்றாவதை வாசித்தேன். "ம், இப்பதான் மனிசர் மாதிரிக் கேக்குது" என்று சொல்லி எழும்பி உள்ளறைக்குப் போனார். இருவர் மட்டும் மூன்றாவதற்கும் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே வேண்டாம்.

மண்டபம் நிறைய மாக்கட்டு ஈரமாய் மணந்தது. எல்லோரும் வந்தார்கள். துணுக்காய் மட்டும் தூரம். அக்கா வரவில்லை.

மறுநாள் நாங்கள் தெற்கே திரும்ப வேண்டிய நாள். இருட்டுவதற்குள் ஓமந்தைச் சாவடியைக் கடந்துவிட வேண்டும். நான் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவன். காலையில் வானுக்குப் பக்கத்தில் நின்று, கதவின் பிடியைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டு, "நானா, மாங்குளத்தால திரும்பித் துணுக்காய்க்கு ஒருக்காப் போகேலுமோ?" என்று கேட்டேன்.

"இதைக் கேக்கவே ராத்திரி முழுக்க யோசிச்சனீ?" என்றார் நானா. "ஏறு."

மாங்குளத்தில் மழை பிடித்தது. ஐப்பசி மழை; தொடங்கினால் வானமும் தரையும் ஒன்று. கிறவல் ரோட்டில் பள்ளமெல்லாம் குளம். இரண்டு பக்கமும் மிதிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகைகள், மண்டையோட்டுப் படத்தோடு. அதனால் கரைக்கு இறக்கி ஓட முடியாது. துணுக்காய் வருவதற்கு முன்னால் ஒரு சரிவில் வானின் பின்சில்லு பாதிவரை புதைந்தது. நானா இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். லீனா மடிக்கணினியைத் திறந்தாள்; அதில் பற்றரி முடிந்திருந்தது.

பின்னால் ஓர் உழவு மெசின், டிராக்டர்தான், இழுவைப் பெட்டியோடு வந்தது. யூரியா மூட்டை ஏற்றியிருந்தவர், வானை இழுக்க வடக்கயிறு வேண்டும், அதை எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறேன், இப்போதைக்கு இரண்டு பேரை ஏற்றலாம் என்றார். சுனில் தன் மாக்கட்டுப் பையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டியில் ஏறினார். நானும் ஏறினேன். லீனாவும் நானாவும் வானோடு நின்றுவிட்டார்கள்.

மூட்டைகளின் மேல், தறப்பாளுக்குக் கீழே, ஒரு மொழியும் பொதுவாக இல்லாத இரண்டு பேர். சுனில் பையிலிருந்து பிஸ்கட் எடுத்து நீட்டினார். கையசைத்து மறுத்தேன். திரும்ப நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அக்காவின் வளவு வேலிப் படலையில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. ஆடுகள் முதலில் பார்த்தன. அக்கா குசினி வாசலில் ஒரு கையால் நிலையைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"என்னடா இது, சேத்துக்குள்ள குளிச்சுப்போட்டு வந்திருக்கிறியள்? ஆர் இந்த மனிசன்?"

"அளவெடுக்கிறவர். சிங்களம்."

"எந்தப் பாசையெண்டாலும் பசிக்கும்தானே. கையைக் கழுவச் சொல்லு."

இருந்த சோறு, குளத்து மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. சுனிலுக்குக் கதிரையில். எனக்குக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், பலகையில். அக்கா அடுப்புக் கட்டில் சாய்ந்து நின்று போட்டார். சுவீடனில் பெரிய பெரிய சட்டிகளைக் கழுவுகிறேன்; ஒரு சட்டியிலும் இந்த மணம் வந்ததில்லை. பனிக்காலத்தில் பஸ்ஸில் தனியே இருக்கும்போது நான் நினைத்துக்கொள்வது இந்த அடுப்புப் பக்கத்தைத்தான். சோற்றைப் பிசைந்தேன், வாயில் வைக்கவில்லை.

"அக்கா, காலுக்கு அச்செடுக்கத்தான் வந்தனாங்கள்."

"எனக்கேன்ரா உது? வேற ஆக்களுக்குக் குடுங்கோ."

அதே சொல். எனக்கு முன்னால் திரை இல்லை, வாசிக்க வசனமும் இல்லை. மூன்று மொழியில் எழுதித் தந்தது எல்லாம் சேற்றில் நின்ற வானுக்குள் கிடந்தது.

"எல்லாருக்கும் எடுத்தாச்சு. நீதான் மிச்சம்."

"வயசு போன நேரத்தில நான் எங்க ஓடப்போறன்? நீ தின்."

"நீ ஓமெண்டாத்தான் தின்னுவன்."

"மிரட்டுறியோ?"

"ஓம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இப்பிடியே கையைக் கழுவிப்போட்டு எழும்பிப் போவன்."

அக்கா அகப்பையைச் சட்டிக்குள் விட்டார்.

"இதை அண்டைக்குக் கேட்டிருக்கலாமே. தம்பிக்காரன் வந்திருக்கிறான் எண்டு நான் முந்தி விழுந்து எடுத்தா, சனம் என்ன சொல்லும்? ரெண்டாந்தரம் கேப்பாய் எண்டுதான் கதிரையில இருந்தனான். நீ அடுத்த ஆளைக் கூப்பிட்டிட்டாய்."

கோபமாகச் சொல்லவில்லை. கறிக்கு உப்புக் காணாது என்பதுபோலச் சொன்னார்.

"மெசின் அப்பிடித்தான் அக்கா..."

"மெசினோ உன்னை இடுப்பில வைச்சு வாய்க்கால் கடந்தது? நானெல்லோ." பிறகு இன்னும் ஒரு கரண்டி குழம்பை என் சோற்றில் விட்டார். "சரி, எடுக்கச் சொல்லு. முதல் நீ தின். ஆறுது."

சாப்பிட்டேன். வாய் நிறையச் சோறு இருந்ததால் வேறொன்றும் பேச வேண்டியிருக்கவில்லை.

சுனில் அக்காவை வாசலில் வெளிச்சத்தில் இருத்தினார். அக்கா சேலையை முழங்காலுக்கு மேலே உயர்த்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார். நான் ஆடுகளைப் பார்த்தேன். சுனில் மெல்லிய உறை ஒன்றை மாட்டி, எலும்பு இருக்கும் இடங்களில் ஊதாப் பென்சிலால் வட்டம் போட்டு, நனைத்த மாக்கட்டுத் துணியைச் சுற்றினார். மண்டபத்தில் பிடிப்பதற்கு ஒரு தாதி இருந்தார். இங்கே ஆள் இல்லை. சுனில் என் இரண்டு கையையும் பிடித்து, அக்காவின் முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் வைத்து அழுத்தி, அசைக்காதே என்று கண்ணால் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

விவரம் தெரிந்த பிறகு நான் அக்காவைத் தொட்டதில்லை. மாக்கட்டு குளிர்ந்து கிடந்தது. பிறகு, மெல்ல மெல்ல, உள்ளிருந்து சுடத் தொடங்கியது. இறுகும்போது அது சுடும்.

"சுடுதடா" என்றார் அக்கா.

"கொஞ்சம் சுடும். பயப்பிடாதை."

"பயமோ, எனக்கோ?"

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என் கைக்குள் சூடு ஏறிக்கொண்டே இருந்தது. அது மாக்கட்டின் சூடா, அக்காவின் சூடா என்று பிரிக்கத் தெரியவில்லை. அப்படியே இருந்துவிடலாம் என்றிருந்தது. இறுகாமல் போனால் என்ன என்றுகூட நினைத்தேன்.

"கால் வரேக்க நீயும் வருவியோ?"

"பாப்பம் அக்கா" என்றேன்.

அக்கா அதைத் திரும்பக் கேட்கவில்லை.

சூடு தணிந்தது. சுனில் வந்து தட்டிப் பார்த்து, இப்படியும் அப்படியுமாக அசைத்து, அச்சைக் கழற்றி எடுத்தார். அக்கா காலை நீட்டி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டார். படலையில் உழவு மெசின் சத்தம் கேட்டது. வானை இழுத்துவிட்டு மெசின்காரர் எங்களை ஏற்ற வந்திருந்தார். அக்கா படலை வரை வந்தார். "போட்டு வாங்கோ" என்று சுனிலுக்கும் சேர்த்துச் சொன்னார்.

வானின் பின்பக்கம் மற்ற அச்சுகளால் நிறைந்திருந்தது. அக்காவுடையது இன்னும் முழுதாகக் காயவில்லை; பள்ளம் விழுந்த ரோட்டில் அடிபட்டால் வெடிக்கும் என்று சுனில் அதை என் மடியில் வைத்தார். லீனா தன் துவாயை எடுத்து என் முழங்காலில் விரித்துவிட்டாள்.

ஓமந்தைக்கு வந்தபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இராணுவத்தின் பக்கம் ஓர் இளம் சிப்பாய் வானுக்குள் தலையை விட்டான். பின்னால் இருந்ததையெல்லாம் சுனிலிடமிருந்த அனுமதிக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தான். பிறகு என் மடியைக் காட்டி ஏதோ கேட்டான். நானா வாய் திறப்பதற்குள் சுனில் பதில் சொன்னார். "அக்காகே ககுல" என்று தொடங்கியது அந்தப் பதில்; அக்காவின் கால் என்று நானா எனக்குச் சொன்னார். சிங்களத்திலும் அக்காவுக்கு அக்கா என்றுதான் பெயர் என்பது அந்த நேரம்தான் எனக்குத் தெரிந்தது.

சிப்பாய் கையை நீட்டினான். கொடுத்தேன். அவன் அச்சைத் திருப்பி, வாய்ப் பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்த்தான். நானும் பார்த்தேன். சுனில் அக்காவின் காலில் போட்ட ஊதா வட்டங்கள் உட்சுவரில் ஒட்டியிருந்தன. நடுவே ஒன்றும் இல்லை. சிப்பாய் அதை இரண்டு கையாலும் ஏந்தி என் மடியில் திரும்ப வைத்தான்.

வான் வெளிக்கிட்டது. அச்சுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உட்புறம் குளிர்ந்து, இன்னும் ஈரமாக இருந்தது.